ட்ரோம்சோவில் வேலை: குடும்பத்தை ஜனவரியிலேயே கூப்பிடலாமா, வெயில் வரும்வரை பொறுக்கலாமா?

நெத்திலி | அக்டோபர் 11

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்துவிட்டு நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணைகளில் சில வருடம் ஓட்டினேன். இப்போது நார்வேயின் வடக்கே ட்ரோம்சோவில், சால்மன் பண்ணைகளிலிருந்து வரும் மாதிரிகளில் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு ஆய்வகத்தில் வேலை. ஆகஸ்ட் கடைசியில் வந்தேன். வேலை பிடித்திருக்கிறது, கூட இருப்பவர்களும் நல்லவர்கள்தான், ஆனால் மத்தியானச் சாப்பாட்டைப் பதினொன்றேகாலுக்கே முடித்துவிட்டு மூன்றரைக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அதற்கப்புறம் ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்றே தெரிவதில்லை.

கேள்வி இதுதான். மனைவி நாகர்கோவிலில் ஒரு தனியார் வங்கியில் இருக்கிறாள். மகளுக்கு இரண்டரை வயது. அவர்கள் விசாவும் வந்துவிட்டது. ஜனவரி முதல் வாரம் டிக்கெட் போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இங்கே நவம்பர் 27 வாக்கில் மறைகிற சூரியன் ஜனவரி 15 வரை அடிவானத்துக்கு மேலே வராதாம். வீட்டில் மாமியார் "வெயிலே இல்லாத ஊருக்குப் பச்சைப் பிள்ளையையா கொண்டுபோவீங்க, சித்திரை பொறந்து பார்க்கலாம்" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். குழந்தையோடு இருட்டில் வந்து இறங்கினால் தாக்குப்பிடிக்க முடியுமா?

ஓஸ்லோ பரணி | அக்டோபர் 11

ஏப்ரலுக்கு மேல் கூப்பிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நான் ஓஸ்லோவில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், இங்கேயே டிசம்பரில் ஆறு மணி நேரம்கூட முழுசாக வெளிச்சம் கிடையாது, அதுவே ஆளை அடித்துப் போட்டுவிடும். நீங்கள் இருப்பது 69 பாகைக்கு மேலே. பழகிய நார்வேக்காரர்களே லீவு போட்டுக் கனாரித் தீவுகளுக்கு ஓடுகிற மாதங்கள் அவை.

இருட்டு கிடக்கட்டும், முதலில் உங்கள் நம்பர் வேலைகள் முடிந்ததா? போலீஸில் பதிவு செய்து குடியிருப்பு அட்டை, வரி அலுவலகத்தில் பாஸ்போர்ட்டோடு நேரில் போய் 11 இலக்க அடையாள எண், அப்புறம் வங்கிக் கணக்கு, அப்புறம் பேங்க் ஐடி, அதாவது ஆன்லைனில் நான்தான் என்று காட்டுகிற மின் அடையாளம். ஒன்று இல்லாமல் அடுத்தது நகராது. பேங்க் ஐடி வரும்வரை இந்த நாட்டில் நீங்கள் ஆளே கிடையாது, இணையத்தில் டாக்டரை மாற்றக்கூட முடியாது. வரி அட்டை எடுக்காவிட்டால் கம்பெனி சம்பளத்தில் பாதியைப் பிடித்துவிடும். அதிகமாகப் பிடித்தது பிறகு திரும்ப வரும், ஆனால் அடுத்த வருடம் கணக்கு முடித்த பிறகு.

இன்னொன்று, இந்திய லைசென்ஸ் இங்கே மூன்று மாதம்தான் செல்லும். அதற்கு மேல் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. புதிதாக எடுக்க வேண்டுமென்றால் வழுக்குத் தளத்தில் வண்டியைக் கட்டுப்படுத்தும் வகுப்பு கட்டாயம், செலவு நம் ஊர்ப் பணத்தில் லட்சத்தைத் தாண்டும். பஸ்ஸே போதும்.

தார்ப்பாய் | அக்டோபர் 12

இதுக்கு சென்னையிலேயே இருந்திருக்கலாமே பாஸ். சூரியன் ஃப்ரீ, வாடகை மட்டும்தான்.

பழைய ஃபின்மார்க் | அக்டோபர் 12

தம்பி நெத்திலி, நீங்கள் இருக்கிற ட்ரோம்சோ எங்களுக்கு அந்தக் காலத்தில் பெரிய பட்டணம். நான் யாழ்ப்பாணம். எண்பதுகளில் இங்கத்தைய 'மக்கள் உயர்பள்ளி' என்கிற தங்கிப் படிக்கிற பள்ளிகளில் இடம் எடுத்து நோர்வே வந்த பெடியன்களில் ஒருவன். பள்ளி முடிய வேலை எங்கே என்று பார்த்தால் எல்லாம் நோர்வேயின் வடகோடியில் இருக்கிற ஃபின்மார்க்கில், மீன் பக்டரிகளில். நான் போனது வார்டோ. ட்ரோம்சோவிலிருந்தும் இன்னும் வடக்கு, இன்னும் கிழக்கு, ஒரு சின்னத் தீவு, நல்ல மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, காற்றுக்கு நிமிர்ந்து நடக்க ஏலாது. இருட்டு உங்கட ஊரைவிட அங்கே நீளம்.

ஆனால் எங்களுக்கு இருட்டு பெரிசாகத் தெரியவில்லை, ஏனென்று சொல்லுகிறேன். காலமை உள்ளே போனால் நிற்கிறது வெளிச்ச மேசைக்கு முன்னால். கண்ணாடித் தட்டு, அதுக்குக் கீழே விளக்கு, மேலே கொட் மீனின் ஃபிலே. விளக்கு வெளிச்சம் சதைக்குள்ளால் வரும்போது புழு இருந்தால் கறுப்புச் சுருளாகத் தெரியும், கத்தி நுனியால் அதைக் கிளறி எடுக்கிறது, முள்ளை வெட்டுகிறது, தட்டைத் தள்ளுகிறது, அடுத்தது. எவ்வளவு வேகமோ அவ்வளவு மேல்காசு. ஐந்து மணிக்கு வெளியே வந்தால் அறையில் எட்டுப் பேர், ஒருவன் சமைப்பான், ஒருவன் கடிதம் வாசிப்பான், ஊரில் சண்டை, யார் வீட்டுக்கு என்ன நடந்தது என்று கதை. சூரியனைத் தேட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. தனியாக ஒரு வீட்டுக்குள் இருந்தவனுக்குத்தான் அங்கே தலை கெட்டது, அப்படி ஒன்றிரண்டு பேரைக் கண்டிருக்கிறேன்.

அதனால் என்ட எண்ணம், மாதத்தைப் பார்க்காதீர்கள். வந்தால் அந்தப் பிள்ளை பகலில் ஆரோடு இருக்கப் போகிறாள், அதைப் பாருங்கள். ஏலுமென்றால் இப்பவே, நவம்பருக்கு முதலே கூப்பிடுங்கள். ஒவ்வொரு நாளாக இருட்டு இறங்குகிறதைப் பார்த்துப் பழகுகிறது வேறு, விமானத்தால் இறங்கி நேரே இருட்டுக்குள் போகிறது வேறு.

மீனா69 | அக்டோபர் 13

ஒரு வார்த்தை கேட்கிறேன் நெத்திலி தம்பி, கோபப்படக்கூடாது. சூரியனைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டீர்கள், மாமியார் சொன்னதைக்கூட எழுதிவிட்டீர்கள். வேலையை விட்டுவிட்டு வரப்போகிறவள் என்ன சொன்னாள்?

நான் மதுரை. இதே ட்ரோம்சோவுக்கு ஒரு ஜனவரியில்தான் வந்து இறங்கினேன். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. இருட்டு என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், வந்து பார்த்தால் மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் வானம் நீலமாக இருக்கிறது, கீழே பனி வெள்ளையாகக் கிடப்பதால் தெரு முழுக்கத் தெரிகிறது. கும்மிருட்டு என்பது நவம்பர் கடைசியில் பனி விழாமல் மழை பெய்கிற நாட்களில்தான். ஜனவரியில் வருவதில் ஒரு லாபம், அதற்கு மேல் இருட்டு குறையத்தான் செய்யும். 15-ம் தேதி திரும்பி வந்தாலும் மலை மறைப்பதால் ஊருக்குள் சூரியன் தெரிவது 21-ம் தேதிதான், அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து நிற்பார்கள், பேக்கரிகளில் ஜாம் வைத்த உருண்டை பன் வாங்க வரிசை நிற்கும். குளிரும் நீங்கள் நினைக்கிற அளவு கிடையாது. கடலில் வெதுவெதுப்பான நீரோட்டம் வருவதால் ஜனவரிச் சராசரியே மைனஸ் 4 பக்கம்தான். சிக்கல் குளிர் இல்லை, வழுக்கல். பனி மேல் மழை பெய்து மறுபடி உறைந்தால் தெரு கண்ணாடியாகிவிடும். செருப்புக்கடியில் மாட்டுகிற ஆணிப்பட்டை, ப்ரோடர் என்பார்கள், அதை வாங்காமல் வெளியே போகாதீர்கள்.

என்னை அடித்தது வேறு. ஊரில் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவில் போனால் நாலு பேர் வணக்கம் வைப்பார்கள். இங்கே பேங்க் ஐடி வரும்வரை யாருக்காவது ஐம்பது குரோனர் அனுப்பவேண்டுமென்றால்கூட கணவரின் போனை வாங்க வேண்டும். காலையில் அவர் போனதும் கதவு சாத்தும் சத்தம் கேட்கும், அப்புறம் மாலை நாலு மணி வரை அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. அது ஜூன் மாதம் நடுராத்திரியில் வெயில் அடிக்கும்போதும் அப்படித்தான் இருக்கும். ஏப்ரலில் கூப்பிட்டால் சரியாகிவிடும் என்பது ஆண்கள் கணக்கு.

நெத்திலி | அக்டோபர் 13

அக்கா, கோபமெல்லாம் இல்லை. உங்கள் பதிலை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். "இதைக் கேட்க ஒரு ஆள் இருக்கே" என்று மட்டும் பதில் வந்தது, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். அவள் வங்கியில் ராஜினாமா கொடுத்தால் மூன்று மாதம் நோட்டீஸ். அதனால் ஐயா சொன்னபடி நவம்பரில் வர வழியில்லை. ஜனவரி கடைசி அல்லது ஏப்ரல், இரண்டில் ஒன்று. விடுவிப்புக் கடிதம் சரியாக வாங்காமல் வந்தால் பின்னால் திரும்பிப் போகிற கதவும் அடைபடும் என்கிறாள், அது நியாயம்தான்.

என் எண் வந்துவிட்டது. வங்கிதான் இழுக்கிறது. பேர் வேண்டாம், ஒரு வங்கியில் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கிற இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அப்பா பேரை இனிஷியலாகப் போடுகிற நமக்கு இந்தக் கஷ்டம் எந்த நாட்டுக்குப் போனாலும் தீராது போல.

ஓஸ்லோ பரணி | அக்டோபர் 14

மீனா அவர்கள் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எல்லோரும் உங்களைப் போல் திடமாக இருக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நார்விக்கில் ஒரு குளிர்காலத்தோடு மூட்டை கட்டியது. அந்தப் பெண் மதியம் வரை படுக்கையை விட்டு எழுவதில்லை. வெளிச்சம் உடம்புக்கு வேண்டும், இது பேச்சு இல்லை. தூக்கத்தை எழுப்பிவிடுகிற கடிகாரமே வெளிச்சம்தான். வைட்டமின் டி, மீன் எண்ணெய், காலையில் பளிச்சென்ற விளக்கு ஒன்று, எல்லாம் வேண்டும்.

மீன் எண்ணெய்க்கு இங்கே ஒரு பழைய கணக்கு உண்டு, பேரில் 'ர்' வருகிற மாதமெல்லாம் குடிக்க வேண்டுமாம். செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை. தினமும் ஒரு கரண்டி. எலுமிச்சை வாசனை போட்டது வாங்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் மகள் துப்பிவிடுவாள்.

மீனா69 | அக்டோபர் 14

பரணி சார், விளக்கும் எண்ணெயும் சரி, நானும் குடிக்கிறேன். ஆனால் அந்த நார்விக் பெண் பகலில் எங்கே போனாள்? யாரோடு பேசினாள்? அது தெரியாமல் சூரியன் மேல் பழி போடவேண்டாம்.

தம்பி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் சொல்லவில்லை. நீங்கள் பார்க்க வேண்டிய தேதி ஜனவரி 15 அல்ல, மார்ச் 1. ட்ரோம்சோவில் பார்னஹாகேவுக்கு, அதாவது பாலர் பள்ளிக்கு, வருடாந்திர விண்ணப்பம் அன்றோடு முடிகிறது. அதற்குள் போட்டால் உங்கள் மகள் வயதுப் பிள்ளைக்கு ஆகஸ்ட்டில் இடம் கொடுத்தே ஆகவேண்டும், அது சட்டப்படி உரிமை. மார்ச் 2-ம் தேதி போட்டால் உரிமை கிடையாது, எங்கேயாவது காலி இருந்தால் தருவார்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம். ஏப்ரலில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் மனைவி ஒன்றரை வருடம் பிள்ளையோடு வீட்டில். மொழி வகுப்புக்குக்கூடப் போக முடியாது. ஜனவரி கடைசியில் வந்தால் குழந்தைக்கு எண் வாங்கி விண்ணப்பம் போட ஒரு மாதம் கிடைக்கும். நடுவில் இடம் காலியானாலும் கூப்பிடுவார்கள், அதனால் விண்ணப்பத்தில் 'உடனே வேண்டும்' என்பதையும் போடுங்கள்.

கட்டணத்துக்குப் பயப்படவேண்டாம். ஆகஸ்ட் 2025-லிருந்து உச்சக் கட்டணமே மாதம் 1200 குரோனர், சாப்பாட்டுக்குத் தனி. ஃபின்மார்க்கிலும் வட ட்ரோம்ஸ் ஊராட்சிகளிலும் முழுக்க இலவசம், ட்ரோம்சோ அந்தப் பட்டியலில் இல்லை, நமக்கு யோகம் அவ்வளவுதான்.

நான் இப்போது அப்படி ஒரு பார்னஹாகேயில்தான் உதவியாளராக இருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பார்த்து அதிர்ச்சி அடையக்கூடாது. சின்னப் பிள்ளைகளை மத்தியானம் வெளியே, பனியில், தள்ளுவண்டியில் தூங்க வைப்போம். கம்பளி உள்ளாடை, அதன்மேல் கம்பளி மேலாடை, தலைக்குக் கண் மட்டும் தெரிகிற குல்லாய், பிறகு மெத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, மேலே வண்டியின் மழைத் துணி. மூக்கு நுனி மட்டும் சிவந்திருக்கும். அரை மணிக்கொரு தரம் போய்க் கழுத்துக்குப் பின்னால் விரலை விட்டுச் சூடு பார்ப்போம், மூக்கையோ கையையோ தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கழுத்துதான் கணக்கு. உள்ளே படுத்தால் இருபது நிமிடத்தில் எழுந்து அழுகிற பிள்ளை வெளியே இரண்டு மணி நேரம் தூங்கும். என் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு "போலீஸுக்குச் சொல்லுடி" என்றார்கள். சளி பிடிப்பது குளிரால் இல்லை, முதல் வருடம் மற்ற பிள்ளைகளிடமிருந்து ஒட்டுவது, அதற்குத் தயாராக இருங்கள். ஒவ்வொரு கையுறையிலும் பேர் ஒட்டி அனுப்புங்கள், சாயங்காலம் தேடுவது நாங்கள்தான்.

பழைய ஃபின்மார்க் | அக்டோபர் 15

பிள்ளை மீனா சொல்லுகிற மார்ச் 1 கதை எங்கட காலத்தில் இல்லை, நல்ல விசயம்.

சாப்பாட்டுக்கு ஒரு சொல். கொட் மீன் குழம்புக்குச் சரிவராது, கொதி வந்ததும் இதழ் இதழாகப் பிரிந்துபோகும். 'சேய்' என்று ஒன்று இருக்கிறது, சதை கொஞ்சம் கறுப்பு, இவர்கள் மதிப்பதில்லை, விலையும் குறைவு. புளி விட்டுக் குழம்பு வைக்க அதுதான் திறம், உடையாது. ஜனவரியிலிருந்து ஸ்கிரேய் வரும், முட்டையிட வடக்கே பேரன்ட்ஸ் கடலிலிருந்து இறங்குகிற கொட். அதன் சினையைப் பொரித்துப் பாருங்கள். நாக்கை வெட்டி விற்கிறது சின்னப் பெடியன்களின் வேலை, அந்தக் காசை அவர்களே வைத்துக்கொள்வார்கள், பெற்றோர் கேட்பதில்லை. பத்து வயதுப் பெடியன் கத்தியோடு நிற்கிறதைப் பார்த்து நாங்கள் முதலில் பயந்தோம்.

மீனால் வந்த உறவு இன்னும் பழசு. குருநகர் அன்ரனி இராஜேந்திரம் 1956-ல் நோர்வேக்கு வந்து, பிறகு இவர்களின் உதவியோடு தொடங்கினதுதான் சீநோர். காரைநகரில் வள்ளம் கட்டினது அந்த நிறுவனம். எங்களை இங்கே கொண்டுவந்த வழியே ஒருவகையில் அதுதான். இப்ப எங்கட சனத்தில் பெரும்பகுதி ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டது, வார்டோவில் நாங்கள் இருந்த வீடுகளில் இப்ப ஆர் இருக்கிறார்களோ.

நெத்திலி | அக்டோபர் 16

ஐயா, சேய் மீன் வாங்கினேன். சாளைக் குழம்பு இல்லை, ஆனால் குழம்பு.

இட்லி மாவுதான் புளிக்கமாட்டேன் என்கிறது. யாராவது வழி?

மீனா69 | அக்டோபர் 16

குளியலறைத் தரை. சிரிக்காதீர்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தரைக்கடியில் சூடு ஓடும் கம்பி இருக்கும், ராத்திரி பாத்திரத்தை மூடி ஓரமாக வையுங்கள், காலையில் பொங்கி நிற்கும். ஆசாரம் பார்க்கிறவர்கள் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கலாம், ஆனால் அது கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும். வடக்கில் வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது, யூனிட் விலையும் தெற்கைவிடக் குறைவு, தைரியமாகப் போடுங்கள்.

தார்ப்பாய் | அக்டோபர் 16

பாத்ரூம் இட்லி. நான் சென்னையிலேயே இருந்துக்கிறேன்.

ஓஸ்லோ பரணி | அக்டோபர் 17

இழை சமையல் பக்கம் போவதற்குள் காசு விஷயம் ஒன்று. அடுத்த ஜூன் மாதத்தை இப்போதே மனதில் வையுங்கள். இங்கே ஜூனில் வழக்கமான சம்பளம் வராது, அதற்குப் பதிலாக விடுமுறைப் பணம் வரும். அது முந்தின வருடம் நீங்கள் இங்கே சம்பாதித்ததில் 12 சதவீதம், யூனியனோடு கூட்டு ஒப்பந்தம் இல்லாத இடமாக இருந்தால் 10.2. வருடம் முழுக்க வேலை பார்த்தவனுக்கு அது வழக்கமான மாதச் சம்பளத்தைவிட அதிகம், வரியும் அப்போது பிடிக்கமாட்டார்கள், அதனால் எல்லோரும் ஜூனில் குஷியாக இருப்பார்கள். உங்களுக்கு முந்தின வருடம் என்பது செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. கைக்கு வருவது கொஞ்சம்தான். டிசம்பரில் வரி பாதிதான் பிடிப்பார்கள், அந்த மிச்சத்தைப் பட்டாசு வாங்காமல் ஜூனுக்கு ஒதுக்குங்கள். பணம் போதாதென்றால் கோடை லீவை முழுசாக எடுக்காமல் இருக்கவும் சட்டம் விடுகிறது, மேனேஜரிடம் முன்கூட்டியே பேசுங்கள். யூனியனில் சேர்ந்துவிட்டீர்களா? இங்கே அதிகாரிகூட யூனியனில்தான் இருப்பார், நம் ஊர் நினைப்பில் தயங்க வேண்டாம்.

நெத்திலி | ஜனவரி 30

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். இருவரும் வந்துவிட்டார்கள். அவள்தான் முடிவு செய்தாள், மார்ச் 1 கணக்குதான் காரணம். சூரியன் திரும்பி வந்த அடுத்த வாரம் இறங்கினார்கள், தேதி தற்செயலாக அமைந்ததுதான், நோட்டீஸ் முடிந்த நாள் அது.

நான் தனியாக இருந்த டிசம்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருட்டு என்னைப் பெரிதாகப் படுத்தவில்லை, ஐயா சொன்ன மாதிரி வேலை நேரம் ஓடிவிடுகிறது. சனி ஞாயிறுதான் மோசம். இங்கே யாரும் "வீட்டுக்கு வாங்க" என்று சும்மா சொல்லமாட்டார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நிற்பார்கள். ஆனால் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. ஆய்வகத்தில் ஒருவர் பாட்டுக் குழுவில் இருக்கிறார், எனக்குப் பாட்டு வராது, அதனால் நூலகத்தில் நடக்கும் மொழி அரட்டைக்குப் போனேன். காபி, ஒரு மேசை, ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, ஒரு உக்ரைன் பையன், ஒரு எரித்திரியாக்காரர், நான். வகுப்பில் சொல்லித்தருகிற நார்வே மொழி ஒன்று, அந்தப் பாட்டி பேசுகிற வடக்குப் பேச்சு இன்னொன்று, பாதி புரியவில்லை. ஆனால் இப்போது சனிக்கிழமை என்றால் போக ஒரு இடம் இருக்கிறது. பாட்டி மீன்பிடிக் குடும்பம், சால்மன் பண்ணை என்றாலே திட்டுகிறார், கடலைக் கெடுக்கிறீர்கள் என்று. அவர் திட்டும்போதுதான் எனக்கு மொழி நன்றாக வருகிறது.

நெத்திலி | பிப்ரவரி 22

நான் அவர் மனைவி, அவர் கணக்கிலிருந்து எழுதுகிறேன். மீனா அக்காவுக்கு நன்றி, நேற்று வீட்டுக்கு வந்து விண்ணப்பம் போட உதவினார்கள், அதை இங்கேயும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

எல்லோரும் இருட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கு இருட்டுத் தெரியவில்லை, நான் வந்தபோதே பகல் நீளத் தொடங்கிவிட்டது, ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் கூடுகிறது. எனக்குத் தெரிவது இதுதான்: வங்கியில் தினமும் முப்பது பேர் பிரச்சினையை முடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன், இங்கே பால் பாக்கெட்டில் எது கொழுப்பு நீக்கியது என்று பார்க்க போனில் படம் எடுக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது, அதை எரிச்சல் என்றே சொல்கிறேன், மன அழுத்தம் என்று யாரும் பேர் வைக்க வேண்டாம். என் அடையாள எண் வந்துவிட்டது. வேலை பார்க்கும் உரிமை விசாவிலேயே இருக்கிறது. மொழி வகுப்பு நமக்கு இலவசம் கிடையாது, காசு கட்டித்தான் படிக்க வேண்டும், அந்தக் காசு என் சேமிப்பிலிருந்து போகிறது, அவரிடமிருந்து வாங்கவில்லை. சாயங்கால வகுப்பு. அவர் மூன்றரைக்கு வந்துவிடுவதால் பிள்ளையை அவர் பார்த்துக்கொள்கிறார். நாகர்கோவிலில் அவர் மூன்றரைக்கு வீட்டுக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை, அந்த வகையில் இந்த ஊர் பரவாயில்லை.

பரணி அண்ணன் சொன்ன மீன் எண்ணெயை மகள் விரும்பிக் குடிக்கிறாள். நான்தான் துப்பினேன்.

ஓஸ்லோ பரணி | பிப்ரவரி 22

தங்கச்சி, சரி, ஏப்ரல் என்று சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன், ஆனால் மார்ச் 1 விஷயத்தில் மீனா அவர்கள் பக்கம்தான் நியாயம். வங்கி வேலைக்கு இங்கே பி2 அளவு, அதாவது ஓரளவு சரளமாகப் பேசி எழுதுகிற அளவு மொழி கேட்பார்கள், அது ஒன்றரை இரண்டு வருடப் பாடு. அதுவரை கணக்குப் பதிவு அலுவலகங்களில் பாருங்கள், எண்ணுக்கு மொழி குறைவாகத்தான் வேண்டும்.

மீனா69 | பிப்ரவரி 23

பார்னஹாகேகளில் நாள் கூலிக்கு ஆள் எப்போதும் தேவைப்படும், ஜுரம் என்று யாராவது ஒருவர் லீவில் இருப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளையிடமிருந்து கற்கிற மொழி வகுப்பில் வராது, தவறாகப் பேசினால் முகத்துக்கு நேரே சிரித்துத் திருத்துவார்கள். போலீஸ் நற்சான்றிதழ் ஒன்று வேண்டும், அதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

வேலூர் வாசு | மே 24

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். ஹாமர்ஃபெஸ்ட்டில் பராமரிப்பு இன்ஜினியர் வேலை வந்திருக்கிறது, செப்டம்பரில் சேரச் சொல்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை முன்பணமாகத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார், அனுப்பினால்தான் வீட்டைப் பிடித்து வைப்பாராம். அனுப்பலாமா?

நெத்திலி | மே 24

அனுப்பாதீர்கள். முன்பணம் உங்கள் பேரில் திறக்கிற தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் கணக்குக்குப் போகவே கூடாது, அது சட்டம். மூன்று மாத வாடகை கேட்பது இங்கே வழக்கம்தான், அதில் தப்பில்லை, கேட்கிற விதம்தான் தப்பு. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு குரோனர்கூட அனுப்ப வேண்டாம். முதல் மாதத்துக்குக் கம்பெனியிடமே தங்க இடம் கேளுங்கள், வடக்கில் ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். ஹாமர்ஃபெஸ்ட் ஃபின்மார்க்கில் வருவதால் வருமான வரியும் எங்களைவிடக் குறைவு, பார்னஹாகே இலவசம், கலைமான்கள் தெருவில் நடக்கும். ஜன்னலுக்குத் தடித்த கருப்புத் திரை வாங்குங்கள், இங்கே மே 20-லிருந்து சூரியன் மறைவதில்லை, மகள் ராத்திரி பதினொன்றுக்கு "காலை ஆயிடுச்சு" என்று எழுந்து உட்காருகிறாள்.

ஒன்று கேட்க வேண்டும், குடும்பம் உண்டா? உண்டென்றால் மேலே மீனா அக்கா முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டு வாருங்கள்.

வேலூர் வாசு | மே 25

கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்காரருக்குத் தனிக் கணக்கு என்று எழுதினேன், பதிலே இல்லை, போனும் எடுக்கவில்லை. கம்பெனியில் கேட்டதற்கு இரண்டு மாதத்துக்கு அறை தருகிறோம் என்றார்கள்.

பழைய ஃபின்மார்க் | மே 25

நல்லது தம்பி. ஹாமர்ஃபெஸ்ட்டில் இறங்கினதும் ஒரு தகவல் போடுங்கள், பழைய ஆட்கள் ஆராவது இன்னும் இருந்தால் தேடித் தருகிறேன்.